சிங்கப்பூரில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பது: எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். கேட்கும்போதே ஷாப்பியில் இரண்டு பெட்டி ஆர்டர் செய்தும் முடித்திருப்பார்கள். உண்மையில் புத்தகம் வாங்குவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. சட்டம் என்ன சொல்கிறது, வீட்டில் யார் உட்கார்ந்து சொல்லித்தரப்போகிறார், பிள்ளை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, வீட்டில் தமிழ் எந்த அளவுக்குப் புழங்குகிறது, இந்த நாலும் தெளிவானால் வாங்கவேண்டிய பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். நான்கு வயது முதல் ஏழெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி, 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிக்கும், ஆறு வயதைத் தாண்டிய, 15 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமக்கள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குப் போயாகவேண்டும். வீட்டில் படிக்கவைக்க வேண்டுமானால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்கவேண்டும். விலக்கும் இல்லாமல் பள்ளிக்கும் அனுப்பாமல் இருப்பது குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. "நாம பாட்டுக்கு வீட்ல சொல்லிக்கொடுப்போம், யார் கேட்கப்போறா" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் வந்திருக்கும் குடும்பங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, விலக்கு கேட்கத் தேவையில்லை. ஆனால் நாளைக்குக் குடியுரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் அன்றே இந்தக் கணக்கு மாறிவிடும். வெளிநாட்டுக் குடும்பங்கள் பிறகு அரசாங்கப் பள்ளியில் சேர்க்க நினைத்தால் ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு வழியாகத்தான் போகவேண்டியிருக்கும், அதில் பார்ப்பது ஆங்கிலமும் கணிதமும். தேறினாலும் இடம் இருந்தால்தான் கிடைக்கும்.

பாலர் பள்ளி கட்டாயமில்லை. அதனால் நான்கு, ஐந்து வயதில் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க யாரிடமும் கேட்கவேண்டாம். அந்த இரண்டு ஆண்டுகள் உங்களுக்கான வெள்ளோட்டம், நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் ஆண்டில்தான் எழுத்து வேலை தொடங்குகிறது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் தொடக்கநிலை 1 பதிவு நடக்கும். தேதிகளைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, பதிவு தொடங்குமுன்பே கட்டாயக் கல்விப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் அவர்கள் பார்க்க விரும்புவது என்ன கற்பிக்கப்போகிறீர்கள், எப்போது, எதை வைத்து, யார் கற்பிப்பது என்பதைத்தான். பாடவாரியாகத் திட்டம், வார அட்டவணை, கற்பிப்பவரின் கல்விச் சான்றிதழ்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல், இவற்றோடு குடியியல், தேசியக் கல்வியும் திட்டத்தில் இடம்பெறவேண்டும். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுத் திட்டத்தை அப்படியே ஒட்டினால் தமிழும் தேசியக் கல்வியும் காணாமல்போயிருக்கும். விலக்கு கிடைத்தபிறகு ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை அனுப்பவேண்டும், அதிகாரிகள் வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். வந்து மிரட்டுவார்கள் என்று நினைக்கவேண்டாம். பிள்ளையோடு பேசுவார்கள், நோட்டுகளைப் பார்ப்பார்கள்.

பாதையின் முடிவில் இருப்பது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. வீட்டில் படிக்கும் குடிமக்கள் பிள்ளைகளும் எழுதவேண்டும், சும்மா எழுதினால் போதாது, அமைச்சு வைத்திருக்கும் அளவுகோலை எட்டவேண்டும். அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதிய எல்லாப் பிள்ளைகளின் முடிவுகளையும் வரிசைப்படுத்தினால் 33ஆவது விழுக்காட்டு நிலையில் வரும் மதிப்பெண்தான் அந்த அளவுகோல். எளிதாகச் சொன்னால், நூறு பேரை அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முப்பத்து மூன்றாவது ஆள் நிற்கும் இடத்துக்காவது வந்திருக்கவேண்டும். வராவிட்டால், 15 வயதாகாதவரை மறுபடி எழுதவேண்டியிருக்கும். 2021 முதல் பாடத்துக்கு ஏஎல்1 முதல் ஏஎல்8 வரை தரநிலை, நான்கையும் கூட்டி 4 முதல் 32 வரை மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது. இந்தக் கூட்டலில் தமிழுக்கும் கணிதத்துக்கும் ஒரே எடை என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். ஆறு வயதில் நீங்கள் எடுக்கும் பல முடிவுகள் இதைச் சுற்றித்தான் வரும்.

யார் உட்காரப்போகிறார்?

பெற்றோர் இருவரும் முழுநேர வேலையில் இருந்து, "இரவு எட்டு மணிக்குமேல் சொல்லிக்கொடுத்துக்கலாம்" என்று திட்டமிட்டால் இது ஓடாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேலையை விடவோ குறைக்கவோ வேண்டும். அந்தச் சம்பளம்தான் இதில் உண்மையான செலவு, புத்தகச் செலவெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. தாத்தா பாட்டி கூட இருந்தால் பெரிய பலம், குறிப்பாகத் தமிழுக்கு. வீட்டுப் பணிப்பெண்ணிடம் பாடத்தை ஒப்படைப்பது சரிப்படாது.

இடம் பற்றி ரொம்பக் கவலைப்படவேண்டாம். மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மடக்கு மேசை ஒன்றும், பாடச் சாமான்களைப் போட்டு மூடிவைக்க ஒரு பெட்டியும் போதும். பெட்டி மூடியதும் பாடம் முடிந்தது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும், உங்களுக்கும்தான்.

ஒரு வாரம் சொல்லித்தராமல் கவனியுங்கள்

எதையும் வாங்குமுன் ஒரு வாரம் பிள்ளையைச் சும்மா கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வேலையில் தானாக எவ்வளவு நேரம் உட்காருகிறது? பத்துப் பொருளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறதா, இல்லை வாயில் மட்டும் "ஒன், டூ, த்ரீ" ஓடுகிறதா? பென்சில் பிடிக்கும்போது கை வலிக்கிறதா? தனியாகப் பொம்மை வைத்து விளையாடும்போது எந்த மொழியில் பேசிக்கொள்கிறது? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். அந்த மொழிதான் பிள்ளை யோசிக்கும் மொழி, அது ஆங்கிலமாக இருந்தால் உங்கள் தமிழ்த் திட்டம் வேறு மாதிரி இருக்கவேண்டும்.

ஆறு, ஏழு வயதிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு பிடிபடவே இல்லை, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் புத்தகத்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டினால் கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது, 1991 முதல் இதே வேலையைச் செய்கிறார்கள். சீக்கிரம் தெரிந்தால் பிள்ளைக்கு நல்லது.

தமிழை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் முடித்துவிட்டுத் தமிழுக்கு வருவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். ஆங்கிலம் மின்தூக்கியில், விளையாட்டுத் திடலில், நூலகத்தில், திரையில் எங்கேயும் கிடைக்கும். தமிழ் வீட்டில் இல்லாவிட்டால் வேறெங்கும் அந்த அளவுக்குக் கிடைக்காது. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியரும் தமிழ் வகுப்பு நண்பர்களும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் நாளின் எந்தப் பகுதி தமிழ் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை தமிழ் மட்டும் என்று வைத்துக்கொண்டால் கணிதத்தைக்கூடத் தமிழில் பேசவேண்டியிருக்கும், அது நல்லதுதான்.

எழுத்தில், 247 என்ற எண்ணைப் பார்த்து மலைக்கவேண்டாம். அ, ஆ, இ என்று வரிசையாக எழுதவைத்துத் தொடங்கவும் வேண்டாம். இ, ஈ, ஔ எல்லாம் சின்னக் கைக்குக் கஷ்டமான வளைவுகள். ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள், பெரும்பாலும் கோடும் மூலையும்தான். அதோடு புள்ளி. இவ்வளவு தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களை வாசித்துவிடலாம். அடுத்து ர சேர்ந்தால் மரம். பிறகு துணைக்கால்: பாடம், மாடம், மாமா, பாப்பா. முதல் மாதத்திலேயே "நான் வாசிக்கிறேன்" என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். கொம்பு வரும் எழுத்துகளைத் தள்ளிவையுங்கள். இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பது குழப்பும், கொ, கோ என்று இரண்டு பக்கமும் நின்றால் இன்னும் குழப்பும். ல, ள, ழ வேறுபாட்டை எழுதிக் காட்டுவதைவிடச் சொல்லிக் காட்டுவதுதான் பலிக்கும்: பல், பள்ளம், பழம், நாக்கு எங்கே போகிறது என்று கண்ணாடியில் பார்க்கவிடுங்கள்.

பேச்சுக்கு ஒரு பயிற்சி. பிஎஸ்எல்இ தமிழ் வாய்மொழித் தேர்வில் சிறு காணொளி ஒன்றைப் பார்த்து உரையாடும் பகுதி உண்டு. ஐந்து வயதிலிருந்தே இதை விளையாட்டாகப் பழக்கலாம். கைப்பேசியில் நீங்களே எடுத்த அரை நிமிடக் காணொளி போதும், தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டுவதோ பேருந்தில் ஒருவர் இருக்கையை விட்டுக்கொடுப்பதோ. சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தார், நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்? ஒரு சொல்லில் பதில் வந்தால் நீங்களே முழு வாக்கியமாகச் சொல்லிக் காட்டுங்கள், திருத்தவேண்டாம்.

வாசிக்க என்ன இருக்கிறது? தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் சிறுவர் தமிழ்ப் பகுதியைத்தான் முதலில் சொல்வேன், அங் மோ கியோ நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும், முதல் நிலைக் கதையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். தமிழ் முரசின் பாலர் முரசு பக்கங்களில் இங்குள்ள பிள்ளைகளின் வாழ்க்கை வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், படங்களும் பாட்டுகளும் நன்றாக இருக்கும். ஆனால் அது வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்காக எழுதப்பட்டது, இங்கே அதையே முதன்மைப் புத்தகமாக வைத்தால் இரண்டாம் பருவத்திலேயே பிள்ளை களைத்துவிடும். முதன்மைக்கு இங்குள்ள பாடத்திட்டம், ஆசைக்கு அது.

கணிதம்: கையில், படத்தில், பிறகுதான் எண்ணில்

சிங்கப்பூர்க் கணிதம் என்று உலகம் முழுக்கப் பேசுவதன் அடிப்படை எளிமையானது. முதலில் பொருளைத் தொடு, பிறகு படமாக வரை, கடைசியில் எண்ணாக எழுது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து வந்தது. பட்டை வரைந்து கணக்குப் போடும் முறையை 1980களில் இங்கே கோ டெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கியது.

வாங்கவேண்டிய கருவி: ஐஸ்கிரீம் குச்சி ஒரு கட்டும் ரப்பர் வளையமும். 32இலிருந்து 7ஐக் கழிக்கவேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று கட்டு, தனியாக இரண்டு குச்சி. "ஏழு எடு" என்கிறீர்கள். இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை உங்களைப் பார்க்கும். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், இதுதான் கஷ்டமான பகுதி. கொஞ்ச நேரத்தில் தானே ஒரு கட்டின் வளையத்தை உருவும். இப்போது கட்டு இரண்டு, தனிக்குச்சி பன்னிரண்டு. ஏழு போனால் ஐந்து, ஆக 25. "கடன் வாங்குவது" என்று நாம் மனப்பாடமாகப் படித்தது இதுதான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு யாரும் கடன் வாங்கச் சொல்லித்தரவில்லை, கட்டைப் பிரித்ததே அதுதான்.

அடுத்தது பட்டை. அண்ணனிடம் 14 கோலிக்குண்டு, தம்பியிடம் அதைவிட 5 குறைவு, இருவரிடமும் சேர்த்து எத்தனை? "குறைவு" என்ற சொல்லைப் பார்த்ததும் 14 - 5 = 9 என்று எழுதிவிட்டு ஓடிவிடும் பிள்ளைகள் ஏராளம். இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள், மேலே நீளமாக அண்ணன், கீழே குட்டையாகத் தம்பி, இடைவெளியில் 5. வலது ஓரத்தில் இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டுக் கேள்விக்குறி. படம் கண்முன் இருந்தால் 9 என்பது பாதி வழிதான் என்று தெரியும், 14 + 9 = 23 வரை போகும்.

கணிதப் பாடத்திட்டம் கல்வி அமைச்சின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட பாடநூல் பட்டியலும் அங்கேயே. பள்ளிகள் பயன்படுத்தும் அதே தொடக்கநிலை 1 பாடநூலையும் பயிற்சிநூலையும் வாங்கிக்கொள்ளுங்கள், விலை சில வெள்ளிதான். அமெரிக்காவிலிருந்து பெட்டியாக வரும் "முழு ஆண்டுத் திட்டம்" பல மடங்கு விலை. அதைப் பிரித்தால் அடி, அங்குலம், பவுண்டு, 25 காசு நாணயம். இங்கே பிள்ளை சென்டிமீட்டரில் அளக்கிறது, கையில் வைத்திருப்பது 20 காசும் 50 காசும். எதற்கு வீண்வேலை?

ஆங்கிலம், அறிவியல்

ஆங்கிலத்துக்கு, எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிக்கப் பழக்கும் ஒரே ஒரு ஃபோனிக்ஸ் தொடரைத் தேர்ந்தெடுத்து முடிவுவரை போங்கள், நடுவில் மாற்றவேண்டாம். மற்றதெல்லாம் சத்தமாக வாசித்துக்காட்டுவதுதான். நூலகத்தில் ஒரே நேரத்தில் 16 புத்தகம் எடுக்கலாம், குடும்பத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால் வேறென்ன வேண்டும்? விக்டோரியா ஸ்ட்ரீட் மத்திய நூலகத்தின் சிறுவர் பகுதி ஒரு காலை முழுக்க உட்கார ஏற்றது.

அறிவியல் பள்ளியிலேயே தொடக்கநிலை 3இல்தான் தனிப்பாடமாகத் தொடங்குகிறது. அதனால் ஆறு வயதுக்கு அறிவியல் பயிற்சிநூல் வாங்குவது வேண்டாத செலவு. வெளியே கூட்டிப்போங்கள். சுங்கை புலோ ஈரநிலக் காப்பகத்துக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும், நுழைவு இலவசம். தாவரவியல் பூங்காவின் ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்காவும் இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும். தேசிய அரும்பொருளகங்கள் 2013 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போனால் தமிழுக்கும் குடியியலுக்கும் சேர்த்தே ஆயிற்று. வாரநாள் காலையில் கூட்டமே இல்லாமல் இதையெல்லாம் பார்ப்பதுதான் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை, அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் வொர்க்ஷீட் போட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடையில் புத்தகத்தை எப்படிச் சோதிப்பது

புத்தகக் கடைகள் நிறைந்த பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் பிள்ளை இல்லாமல் ஒருமுறை போங்கள், பிள்ளையோடு ஒருமுறை. தனியாகப் போகும்போது புத்தகத்தை நடுவில் திறவுங்கள், முதல் பக்கங்கள் எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். நடுப்பக்கத்துக் கட்டளையைப் பிள்ளையால் வாசிக்கமுடியுமா? முடியாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பக்கத்தில் உட்காரவேண்டும். ஒரே மாதிரிக் கணக்கு எத்தனை அடுக்கியிருக்கிறார்கள்? விடையோடு விளக்கமும் இருக்கிறதா? நன்றாகத் தூங்காத ஒரு காலையில் இதை வைத்து உங்களால் பாடம் நடத்தமுடியுமா? கடைசிக் கேள்விக்கு முடியாது என்றால், எவ்வளவு நல்ல புத்தகமானாலும் அலமாரியில்தான் தூங்கும்.

தேர்வுப் பயிற்சிக்கான அசெஸ்மென்ட் புத்தகங்களைத் தொடக்கநிலை 3 வரை ஒத்திப்போடலாம். மாண்டிசோரிச் சாமான்கள் வேண்டுமென்றால் கரோசலில் பழையதாக வாங்குங்கள், பிள்ளை வளர்ந்ததும் அங்கேயே விற்றுவிடலாம். செயலிகளில் சந்தா கட்டுவதற்குமுன் கான் அகாடமி போன்ற இலவசத் தளத்தில் பிள்ளைக்கு ஒட்டுகிறதா என்று பாருங்கள். 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளிக்கு வெளியே திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்கட்டும் என்று 2025இல் சுகாதார அமைச்சு சொன்னது. வீட்டுப்பாடமே திரையில் என்றால் அந்த மணி அதிலேயே தீர்ந்துவிடும்.

அட்டவணை, கோப்பு, கூட்டாளிகள்

ஆறு வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் பாடம் நாளுக்கு இரண்டு, இரண்டரை மணி போதும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில் எடுக்கும் நேரம் ஒரு பிள்ளைக்குத் தேவையில்லை. அமைச்சுக்குக் கொடுக்கும் அட்டவணையில் நேரத்தைப் பிசகில்லாமல் போடுங்கள், ஆனால் நடைமுறையில் "தமிழ், கணிதம், வாசிப்பு, வெளியே" என்று வரிசையை மட்டும் காப்பாற்றினாலும் நாள் ஓடிவிடும்.

வாரக் கடைசியில் பாடத்துக்கு ஒரு தாளைத் தேதி போட்டுக் கோப்பில் செருகிவையுங்கள், நல்லதை மட்டுமல்ல, சாதாரணமானதையும். வாசிப்பதை மாதம் ஒருமுறை கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது இவை கையில் இருந்தால் ஒரு மாலையில் முடியும், இல்லாவிட்டால் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

நண்பர்கள் விஷயத்தில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி நியாயமானதுதான், எரிச்சல்படாதீர்கள். சமூக மன்ற வகுப்பு, நீச்சல், கோவில் தேவார வகுப்பு, வீட்டில் படிக்கவைக்கும் மற்றக் குடும்பங்களோடு வாரம் ஒரு சந்திப்பு, இவற்றில் ஒன்றாவது அதே பிள்ளைகளோடு வாராவாரம் நடக்கவேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அறிமுகம்தான் கிடைக்கும், கூட்டாளி கிடைக்கமாட்டான். கணவன் மனைவி இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து தொடர்வதா என்று பேசுங்கள். பிள்ளையே பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் அமைச்சைத் தொடர்புகொண்டு சேர்க்கலாம். காலியிடம் இருக்கும் பள்ளியில்தான் கிடைக்கும், அது எதிர் புளோக் பள்ளியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம், பேருந்துப் பயணத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.